கடைக்கு வந்தால் நன்றாக ஓடும் வண்டி: ஆட்டோமேட்டிக் கியரில் விட்டு விட்டு வரும் கம்ப்ளைன்ட்டை வீட்டிலேயே பிடிப்பது

கிருஷ்ணகிரியில் முப்பத்திரண்டு வருடம் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். அந்தத் தொழிலில் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது செத்துப்போன டிவி இல்லை. செத்த டிவியை எப்படியும் எழுப்பிவிடலாம். "ராத்திரி ஒம்பது மணிக்குப் படம் சுருங்கிடுதுங்க" என்று ஒருவர் தூக்கிக்கொண்டு வருவார், கடை மேசையில் போட்டால் நாள் முழுக்கக் குறையே இல்லாமல் ஓடும். அந்த மாதிரி செட்டுதான் எமன்.

கடையை மூடி ஓய்ந்திருந்த நேரத்தில் அதே எமன் கார் வடிவில் வந்தது. 2014 மாடல் செடான், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், செகண்ட் ஹேண்டாக வாங்கியது. சேலத்தில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, தொப்பூர் கணவாயில் இரட்டைப் பாலம் தாண்டி மேடு ஏறுகையில், திடீரென ஒரு உதை. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்தது. கியர் மூன்றிலேயே நின்றுவிட்டது. பின்னால் லாரி வரிசை. ஓரங்கட்டி, வண்டியை அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. தர்மபுரி, காவேரிப்பட்டணம் தாண்டி வீடு வரை ஒரு குறையும் இல்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "ஓட்டிப் பார்த்தோம், நல்லாத்தான் இருக்கு. கியர்பாக்ஸை இறக்கிப் பிரிச்சாதான் சார் சொல்ல முடியும், எண்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள். கம்ப்ளைன்ட்டைக் கண்ணால் பார்க்காமல் மருந்து எழுதுகிறார்களே என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். அப்புறம் நானும் அதே தப்பைத்தான் செய்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இங்கே நான் சொல்வது டார்க் கன்வெர்ட்டர், அதாவது எஞ்சின் விசையை எண்ணெய் வழியாக கியருக்குக் கடத்தும் உறுப்பு, உள்ள பழைய பாணி ஆட்டோமேட்டிக்குக்கு. கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியையும் நம் ஊரில் ஆட்டோமேட்டிக் என்றுதான் சொல்கிறோம். ஆனால் ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸின் மேல் மோட்டாரோ ஹைட்ராலிக் ஆக்சுவேட்டரோ உட்கார்ந்து கியர் மாற்றுவது, சிவிடி என்பது பெல்ட்டும் புல்லியும். ஒயரைச் சோதிக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், உள்ளே இருக்கும் உறுப்புகள் வேறு.

நம் வண்டியில் நடப்பது இது. டிசிஎம் என்கிற கியர் கம்ப்யூட்டர், பல வண்டிகளில் க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கியர்பாக்ஸுக்குள் சாலினாய்டுகள், அதாவது கரண்ட் பாயும்போது எண்ணெய் வழியைத் திறந்து மூடும் சின்னக் காந்த வால்வுகள். உள்ளே சுற்றும் வேகத்தையும் வெளியே போகும் வேகத்தையும் சொல்ல இரண்டு சென்சார்கள். லீவர் பி-யில் இருக்கிறதா, டி-யில் இருக்கிறதா என்று சொல்ல ஒரு ரேஞ்ச் ஸ்விட்ச். இவற்றை இணைக்க ஒரு ஒயர் கட்டு. இதில் ஏதாவது ஒன்று பொய் சொல்கிறது என்று தெரிந்தால் டிசிஎம் சாலினாய்டுகளுக்குக் கரண்ட்டை நிறுத்திவிடும். கரண்ட் இல்லாதபோது எந்த கியர் விழ வேண்டும் என்று எண்ணெய் வழிகளையே அமைத்திருப்பார்கள். என் வண்டியில் அது மூன்றாவது. லிம்ப் மோட் என்பது இதுதான். கியர்பாக்ஸ் கெட்டுப்போனதற்கு அடையாளம் என்று நினைத்துப் பயப்படுகிறோம், உண்மையில் அதைக் காப்பாற்றுகிற ஏற்பாடு.

வண்டியைத் தொடுவதற்கு முன் நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறை கோளாறு வரும்போதும் எழுதுங்கள்: வண்டி ஓடி எத்தனை நிமிடம் ஆயிற்று, வெயிலா மழையா, மேடா பள்ளமா, ஏசி ஓடியதா, ஸ்பீட் பிரேக்கர் ஏறினோமா, அணைத்துப் போட்டதும் சரியானதா. என் நோட்டில் ஆறு வரி சேர்ந்தது. ஆறில் ஐந்து, சூடான எஞ்சினில் மேடு ஏறும்போது. ஒன்று மட்டும் கிருஷ்ணகிரி ஐந்து ரோடு ரவுண்டானாவில், நின்று சட்டென்று எடுக்கையில். மழை ஒன்றிலும் இல்லை. இந்த ஆறு வரியிலேயே விடை இருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அடுத்து எண்ணெய். லெவல் பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும், சிலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது, கையேட்டைப் பாருங்கள். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு மோந்து பாருங்கள். கருகல் வாடையும் கறுப்புத் துகளும் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கில்லை, உள்ளே கிளட்ச் தேய்ந்திருக்கிறது. என்னுடையது பழுத்த சிவப்பில், வாடை இல்லாமல் இருந்தது. இன்னொரு வித்தியாசம்: தேய்மானம் மெல்ல மெல்ல வரும், வந்தால் போகாது. திடீரென்று வந்து, அணைத்துப் போட்டால் மறைந்தால், முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான்.

பேட்டரியைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. டெர்மினலில் வெள்ளைப் பூஞ்சை இருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி இறுக்குங்கள். கூடவே எர்த். எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை கியர்பாக்ஸின் உடம்பிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையில் பிரச்சினை. என் வண்டி போன்றவற்றில் சாலினாய்டுகள் கியர்பாக்ஸ் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கின்றன. அந்த ஒரு பட்டை துரு பிடித்தால் எல்லாமே குழம்பும்.

இப்போது கோடு (code) படிப்பது, அதாவது வண்டிக் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணைப் படிப்பது. ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டிக் கம்ப்யூட்டரைப் படிப்பதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கினேன், போனில் ஒரு ஆப். சும்மா கிடைக்கும் பல ஆப்கள் எஞ்சின் கம்ப்யூட்டரை மட்டும் படிக்கும். அதில் பி0700 என்று வரும். அதற்கு அர்த்தம், "கியர் கம்ப்யூட்டரிடம் ஏதோ இருக்கிறது, அங்கே போய்க் கேள்" என்பது மட்டுமே. அதைப் பார்த்து கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள். டிசிஎம்மைப் படிக்கும் ஆப் அல்லது ஸ்கேனர் வேண்டும். அதில் பி0705 வந்தால் ரேஞ்ச் ஸ்விட்ச் சுற்று, பி0715 உள்வேக சென்சார், பி0720 வெளிவேக சென்சார், பி0562 வோல்டேஜ் குறைவு. பி0731 வரிசை வந்தால் கியர் விகிதம் தப்பு, அது வழுக்கலைக் காட்டுவது, ஒயரோடு நிற்காமல் உள்ளேயும் சந்தேகப்படுங்கள். எனக்கு வந்தது பி0753. முதல் ஷிஃப்ட் சாலினாய்டின் மின்சுற்று.

இங்கே ஒரு தொழில் கணக்கு. மூன்று நான்கு சாலினாய்டு கோடு ஒன்றாக வந்தால், நான்கும் ஒரே நாளில் சாகாது. எல்லாவற்றுக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: பியூஸ், ரிலே, எர்த், பெரிய பிளக். ஒரே கோடு திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஒரு ஒயர், அந்த ஒரு சாலினாய்டு, அல்லது டிசிஎம்மில் அதை ஓட்டும் பகுதி. வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. கோடை அழிப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். கோளாறு வந்த நொடியில் என்ன வேகம், என்ன சூடு என்று சில வண்டிகள் பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போகும்.

எஞ்சின் ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கியர்பாக்ஸ் பிளக்கைப் பிரித்து, முதல் சாலினாய்டின் பின்னுக்கும் உடம்புக்கும் நடுவே ஓம் பார்த்தேன். 13 ஓம். ஆன்-ஆஃப் வகை சாலினாய்டுக்கு 11 முதல் 15 வரை சாதாரணம், பிரஷரைக் கட்டுப்படுத்தும் சாலினாய்டு இன்னும் குறைவாக, பெரும்பாலும் 10-க்குக் கீழே காட்டும், உங்கள் வண்டியின் எண்ணைக் கையேட்டில் பாருங்கள். சூடான பிறகும் அளந்தேன்: 16 ஓம். பதற வேண்டாம். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும், அறை வெப்பத்திலிருந்து 90 டிகிரிக்குப் போனால் கால் பங்கு கூடுவது இயல்பு. ஐம்பது, நூறு என்று தாவினாலோ, எண் நிற்காமல் ஆடினாலோதான் காயில், அதாவது சாலினாய்டின் செம்புச் சுருள், குற்றவாளி. இங்கே காயில் நல்லது.

இப்போது என் தப்பு. காயில் நல்லது என்று தெரிந்ததுமே என் மூளை நேராக டிசிஎம்முக்குப் போய்விட்டது. டிவிக்காரனுக்கு வேறு எங்கே போகும்? சூட்டில் வரும் கம்ப்ளைன்ட் என்றால் டிரை சோல்டர்தான், அதாவது ஈய ஒட்டு விட்டுப்போவது. டிவியில் உயர் வோல்டேஜ் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மரின் காலைச் சுற்றி மோதிரம் போல விரிசல் விழுந்து, செட் சூடானதும் படம் போகும், ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் திரும்பும். ஆயிரம் செட் பார்த்திருப்பேன். டிசிஎம் பெட்டியைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்து, சந்தேகமான ஏழெட்டு காலுக்குப் புது ஈயம் வைத்தேன். போகிற போக்கில் பேட்டரி ட்ரேயைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் கியர்பாக்ஸ் பிளக்கிலும் கான்டாக்ட் கிளீனர் அடித்தேன். எல்லாம் மாட்டி ஓட்டினால் அருமையாக ஓடியது. சேலம் மாப்பிள்ளையிடம் போனில் பீற்றிக்கொண்டேன். பத்தொன்பதாம் நாள், அதே தொப்பூர் மேட்டில், அதே உதை. "மாமா, பேசாம வண்டியைக் கொடுத்துட்டு வேற பாருங்களேன்" என்றார் மாப்பிள்ளை.

பத்தொன்பது நாள் ஏன் ஓடியது? ட்ரேயைக் கழற்றி மாட்டியபோது அதன் அடியில் போகும் ஒயர் கட்டு அசைந்து வேறு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நான் சரிசெய்தது ஒன்று, சரியானது வேறொன்று. கடையில் வேலைக்கு வந்த பையன்களுக்கு நான் முதல் நாளே சொல்வது: கம்ப்ளைன்ட்டை உன் கையால் வரவழைக்கத் தெரியும்வரை ஈயக்கோலைத் தொடாதே. வரவழைத்து, நிறுத்தி, மறுபடி வரவழைத்துக் காட்டு, அப்புறம் கை வை. அதை நானே மறந்தேன்.

சரி, வரவழைப்பது எப்படி? இதற்கு மல்டிமீட்டரின் ஓம் வரிசையை நம்பாதீர்கள். அது ஒயருக்குள் அனுப்பும் கரண்ட் சொற்பம். பத்து இழையில் ஒரே இழை மிச்சமிருந்தாலும் "நல்ல ஒயர்" என்று சான்றிதழ் கொடுத்துவிடும். வேலை செய்யும்போது அந்த ஒயரில் போவது கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர். அதே அளவு சுமையை ஏற்றித்தான் சோதிக்க வேண்டும். நம் ஊர் எலக்ட்ரீஷியன் யாரிடமும் இருக்கும் சீரீஸ் பல்ப் தந்திரத்தை இங்கே 12 வோல்ட்டில் செய்தேன். பைக் இண்டிகேட்டர் பல்ப், 12 வோல்ட் 10 வாட். அது இழுப்பது 0.8 ஆம்பியர் சொச்சம், சாலினாய்டு இழுப்பதற்குப் பக்கத்தில்.

பேட்டரியைக் கழற்றி வெளியே தரையில் வைத்தேன், ட்ரேயை மட்டும் இந்த முறை தொடவே இல்லை. டிசிஎம் பிளக்கைப் பிரித்தேன். கியர்பாக்ஸ் பிளக்கை அடியிலிருந்து கை விட்டுப் பிரித்தேன். அடியில் போக வேண்டுமென்றால் ஜாக்கி மேல் வண்டியை விட்டுவிட்டு நுழையாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வேண்டும். நான் தனியாக அடியில் போகவில்லை, பக்கத்து வீட்டுத் தம்பியை நிற்க வைத்துக்கொண்டேன்.

ஒயரின் இரண்டு முனையும் பிரிந்திருப்பதை இரண்டு தடவை சரிபாருங்கள். ஒரு முனை டிசிஎம்மில் இருக்கும்போது பேட்டரியைக் கொடுத்தால் எண்பத்தைந்தாயிரத்துக்கு மேல் பில் வரும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2 ஆம்பியர் பியூஸ், அதிலிருந்து பல்ப், பல்பிலிருந்து அந்த ஒயரின் டிசிஎம் முனை. மறு முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவ். பிளக்கின் துளைக்குள் மீட்டர் முள்ளைத் திணிக்காதீர்கள், உள்ளே இருக்கும் தகடு அகன்றுவிட்டால் நீங்களே புதிதாக ஒரு விட்டு விட்டு வரும் கம்ப்ளைன்ட்டைச் செய்துவிடுவீர்கள். அதே அளவுள்ள பழைய பின் ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிளக்கின் பின்பக்கமாக, ஒயர் நுழையும் ரப்பர் ஓரத்தில் மெல்லிய தையல் ஊசியை விடுங்கள். ஒயரின் தோலைக் குத்தக் கூடாது. குத்தின இடத்தில் அடுத்த மழைக்கு நீர் இறங்கும். டாஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட ஒயரும் மஞ்சள் பிளக்கும் கண்ணில் பட்டால் அது ஏர்பேக், பக்கத்திலேயே போகாதீர்கள்.

பல்ப் பிரகாசமாக எரிந்தது. ஒயரின் இரு முனைக்கும் நடுவே மீட்டரை வோல்ட்டில் வைத்தேன், 0.08. நல்ல ஒயருக்கு 0.1-க்குள் இருக்க வேண்டும், இருந்தது. மனசு உடைந்தது. ஆனாலும் பேரனைப் பல்புக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, க்ளோவ் பாக்ஸில் தொடங்கி ஒரு சாண் ஒரு சாணாக ஒயர் கட்டை வளைத்து, திருகி, லேசாக இழுத்துக்கொண்டே வந்தேன். எஞ்சின் அறைக்கும் வண்டியின் உள்ளுக்கும் நடுவே இருக்கும் தடுப்பில் (ஃபயர்வால்), ஒயர் நுழையும் ரப்பரில் ஒன்றுமில்லை. எஞ்சின் அறைக்குள் வந்ததும் ஹேர் டிரையரால் ஒவ்வொரு பகுதியாகச் சூடேற்றினேன். (வீட்டில் கேட்காமல் எடுத்தது. அதற்கான விசாரணை தனி.) அப்போதும் ஒன்றுமில்லை. பேட்டரி ட்ரேயின் கீழ், கிளிப்பில் இறுகக் கட்டிய கட்டு கியர்பாக்ஸை நோக்கி வளையும் இடம். எஞ்சின் முறுக்கும் திசையில் அதை ஒரு விரல் அளவு இழுத்தேன்.

"தாத்தா, அழுவுது!" என்றான் பேரன். பல்ப் மங்கி, துடித்து, விட்டதும் திரும்ப எரிந்தது. மீட்டரில் 0.08 இருந்த இடத்தில் 4 வோல்ட். மறுபடி இழுத்தேன், மறுபடி மங்கியது. பத்து தடவை இழுத்தேன், பத்து தடவையும் மங்கியது. இப்போது நோட்டின் ஆறு வரியும் படிக்க முடிந்தது. மேடு ஏறும்போதும் சட்டென்று எடுக்கும்போதும் எஞ்சின் தன் ரப்பர் மவுண்ட்டின் மேல் சாய்கிறது, கட்டு இழுபடுகிறது. சூடு கூட இருந்ததே தவிர அது காரணமே இல்லை. நீண்ட மேடு ஏறும்போது எஞ்சின் எப்படியும் சூடாகத்தானே இருக்கும்?

ட்ரேயைக் கழற்றி, ஒயர் கட்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் சுருக்குக் குழாயைப் பிளந்து பார்த்தால், எப்போதோ யாரோ அந்த ஒயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். எலி கடித்ததாக இருக்கலாம், பக்கத்து ஒயரின் தோலில் பல் தடம் இருந்தது. டேப் பசை உருகி ஜாமாகிவிட்டது. உள்ளே செம்பு கறுத்து, ஓரத்தில் பச்சை பிடித்திருந்தது.

ஒட்டு போடுவதில் அவசரப்படாதீர்கள். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. பளபளக்கும் செம்பு வரும்வரை இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே போங்கள். எனக்கு ஒரு பக்கம் மூன்று அங்குலம் போனது. தோலுக்குள்ளேயே கறுப்பு அவ்வளவு தூரம் ஏறியிருந்தது. குறைந்த நீளத்துக்கு அதே தடிமனில் ஆட்டோ ஒயர் சேர்த்தேன். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம், அதிர்வில் ஒடியும். ஒயரை முறுக்குவதற்கு முன்பே சூடேற்றினால் சுருங்கிப் பிடிக்கும், பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் குழாயைக் கோர்த்துவிடுங்கள். முப்பத்திரண்டு வருட அனுபவத்தில் நான் அதை மறந்து, வைத்த ஈயத்தைத் திரும்ப உருக்கினேன்.

கிரிம்ப் (உலோகக் குழலை ஒயர் மேல் அழுத்திப் பூட்டுவது) நல்லதா, சோல்டர் (ஈயம் வைப்பது) நல்லதா என்று ஒரு சண்டை உண்டு. அதிரும் இடத்தில் ஈயம் இழைகளுக்குள் ஊறி, ஊறி நின்ற எல்லையில் ஒயர் விறைத்து ஒடியும் என்பார்கள். சரியான வாதம். நல்ல கிரிம்ப் கருவி இருந்தால் அதையே செய்யுங்கள். கொறடால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. என்னிடம் இருந்தது 25 வாட் ஈயக்கோல், ரோசின் உள்ள 60-40 ஈயம். டப்பாவில் வரும் அமில பேஸ்ட்டை இதில் தொடாதீர்கள், அது மிச்சமிருந்து செம்பைத் தின்னும். ஒட்டு வளைவில் வராமல் நேரான பகுதியில் வரும்படி வைத்தேன், இரண்டு ஒட்டும் ஒன்றுக்கொன்று எதிரே இல்லாமல் தள்ளித் தள்ளி. அதன் மேல் துணி டேப், மேலே புதிய சுருக்குக் குழாய். எல்லாவற்றையும் விட முக்கியம், கிளிப்பைத் தளர்த்தி, எஞ்சின் சாய்ந்தாலும் இழுபடாதபடி இரண்டு விரல் தொய்வு விட்டேன்.

மாட்டுவதற்கு முன் அதே பல்ப், அதே பேரன், அதே இழுப்பு. பல்ப் அசையவில்லை, மீட்டர் 0.07-இல் நின்றது. இன்னும் கொஞ்சம் பலமாகவே இழுத்துப் பார்த்தேன்.

பேட்டரியை மாட்டி, கோடுகளை அழித்து, முதலில் வீட்டுத் தெருவிலேயே பி, ஆர், என், டி என்று காலை பிரேக்கில் வைத்தபடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறம் போனில் வெளிவேகம், கியர் கட்டளை, வோல்டேஜ் மூன்றையும் ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தவர் பார்க்க, நீங்கள் சாலையைப் பாருங்கள். நான் பர்கூர் வரை போய் வந்தேன், அப்புறம் சேலம். தொப்பூரில் ஏறும்போது கை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்ததை மனைவிதான் கவனித்தாள். அதன் பிறகு நோட்டில் புதிய வரி எதுவும் ஏறவில்லை. மொத்தச் செலவு அடாப்டரையும் சேர்த்து ஆயிரத்துக்குள்.

ஒன்று மட்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் சில நாள் கியர் மாறும்போது லேசாக இடிக்கலாம். டிசிஎம் இத்தனை வருடம் கற்று வைத்திருந்தது பல வண்டிகளில் அழிந்துபோகும், திரும்பக் கற்கிறது. எனக்கு ஓசூர் போய் வந்த இரண்டு நடையில் அது மறைந்தது. அந்த இடியைக் கேட்டுப் பயந்து டிசிஎம்மைத் திரும்பத் திறந்துவிடாதீர்கள்.